கண்ணாடி அக்காவின் கறகறப் பெட்டி

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் திருட்டுத்தனமாக மர அறுவை மில் ஓடுகிறது என்பதுதான் முதலில் காதுக்கு எட்டிய செய்தி. வாய்விட்டு வாய் வந்து சேர்ந்தபோது அதற்குக் கை கால் முளைத்திருந்தது. லாரி வருகிறதாம். மரத்தூளை மூட்டை கட்டிப் படி வழியாக இறக்குகிறார்களாம். மின்சார ஆபீசில் ஆளைப் பிடித்து மீட்டரையே மாற்றிவிட்டார்களாம். இத்தனையும் நடக்கிற வீட்டில் குடியிருப்பவர் மார்க்கெட் முனை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற பெண்மணி என்று தெரிந்ததும் செய்தியின் ருசி இரட்டிப்பானது. ஊருக்குப் பார்வை சரிசெய்கிறவரே ஊர் கண்ணில் மண்ணைத் தூவுகிறார் என்றால் யாருக்குத்தான் இனிக்காது?

ஒரு கைப்பிடி மரத்தூளாவது கிடைக்காதா என்று படியேறிப் பார்த்ததில் படியெல்லாம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. லாரி வந்தது உண்மை. இரண்டாம் மாடியில் ஒரு வீட்டுக்குப் பீரோ இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. மீட்டர் மாற்றியதும் உண்மை. கட்டடம் முழுக்க மாற்றினார்கள். சத்தம் மட்டும் சத்தியமான உண்மை. அது வந்த இடம் ஒரு படுக்கையறை. அங்கே கட்டிலுக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் ஒரு கிதார், ஒரு சூட்கேஸ் உயரத்துக்கு ஆம்ப்ளிஃபயர், இரண்டுக்கும் இடையே தரையில் சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக ஒரு இரும்புப் பெட்டி. பெட்டியின் மேல் மண்டையோடு படம். மில் என்று ஊர் சொன்னது இதைத்தான்.

அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரரைக் கடைத்தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாரும் ‘கண்ணாடி அக்கா’ என்றே கூப்பிடுகிறார்கள். நாற்பதைத் தாண்டியவர். இன்றுவரை கண்ணாடி போட்டதில்லை. பகல் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, “தாடையை இங்க வைங்க... சிமிட்டாதீங்க... இப்போ சொல்லுங்க, ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா?” என்று, தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பது போன்ற குரலில் கேட்டுக்கொண்டிருப்பார். அப்படி நாள் முழுக்க மெதுவாகப் பேசி அடைத்துப்போன மனிதருக்குச் சாயங்காலமானால் எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போல் இருக்கும். பாத்திரத்தை உடைத்தால் நஷ்டம். அதனால் இடி இடிக்கிற சங்கீதமான ஹெவி மெட்டல் வாசிக்கிறார்.

கிதார் அவருடையதல்ல, தம்பி ஆசைப்பட்டு வாங்கியது. டயர் கடையில் வேலை பார்க்கும் அந்தத் தம்பிக்கு விரல் நுனியில் கம்பி அழுத்துவது வலித்தது. ‘கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்க்கா’ என்று வைத்துவிட்டுப் போனவன், அடிப்பதுதான் தன் பிறவிக் குணம் என்று கண்டுபிடித்து டிரம்ஸ் பக்கம் போய்விட்டான். அக்கா சும்மா தூசி தட்டப் போய், கம்பியைத் தட்டி, அங்கேயே மாட்டிக்கொண்டார். இன்று அக்காவும் தம்பியும் ஒரே பேண்டில். பேஸ் கிதார் வாசிப்பவர் ஒரு மருந்துக்கடைக்காரர். பேச்சு என்பது காசு கொடுத்து வாங்குகிற சரக்கு என்று நினைக்கிறவர். பாடுகிறவர், பேண்டுக்குத் தலைவர், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பாடுகிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது. உறுமுகிறார். கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் ‘பிரேக்கு! பிரேக்கு!’ என்று ஆயுள் முழுக்கக் கத்திக் கெட்டுப்போன தொண்டையை வீணாக்க மனமில்லாமல் இந்தத் துறைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய பள்ளியின் வகுப்பறையில்தான் ஒத்திகை. சுவர் நெடுகிலும் ‘ஒலி எழுப்பாதீர்’ உட்பட எல்லாச் சாலைக் குறிகளும் உண்டு.

விவகாரம் மாஸ்டர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் ஆரம்பித்தது.

“கண்ணாடி, நீ வாசிக்கறது எல்லாம் சரி. ஆனா உன் கிதார் கொசு மாதிரி இருக்கும்மா. நான் சிங்கம் மாதிரி கத்தறேன், பக்கத்துல கொசு பறந்தா நல்லாவா இருக்கும்?”

“சிங்கத்துக்கு இருமல் வந்த மாதிரிதான் மாஸ்டர் கேக்குது எனக்கு” என்றார் அக்கா. ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. அவரிடம் டிஸ்டார்ஷன் பெடல் கிடையாது. கிதார் சத்தத்தை உள்ளே வாங்கி, நசுக்கி, கிழித்து, கறகறவென்று வெளியே துப்புகிற பெட்டி அது. காலால் மிதித்தால் உயிர் வரும். மெட்டல் வாசிப்பவருக்கு அது இல்லாமல் இருப்பது டிரைவிங் மாஸ்டருக்கு ஹாரன் இல்லாத மாதிரி.

வீட்டுக்காரரிடம், அதாவது கணவரிடம், பேசிப் பெடலுக்கு ஒரு வரம்பு வைத்தாயிற்று: கண்ணாடிக் கடையில் நடுத்தர ஃப்ரேம் என்ன விலையோ அதற்கு மேல் போகக் கூடாது. அக்கா எதையும் ஃப்ரேம் கணக்கில்தான் யோசிப்பார். வீட்டுக்காரருக்கு அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை. அவருக்குச் சங்கீதத்தில் ஈடுபாடு உண்டா என்றால், வாத்தியம் வந்த அட்டைப்பெட்டியில் உண்டு.

இருவரும் இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள். அந்த விலைக்குள் மூன்று பெடல்கள் இருந்தன. கறுப்பு, மண்டையோடு. ஆரஞ்சு, மின்னல். மூன்றாவது, யாரோ பயன்படுத்திவிட்டு விற்றது. சாம்பல் நிறம், படம் கிடையாது, மூலையில் பெயின்ட் உரிந்திருந்தது. கடைக்காரர் மூன்றையும் வரிசையாக இணைத்தார். அக்கா கிதாரை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“ஏங்க, நீங்க ஒண்ணொண்ணா மிதிங்க. எதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“எதுன்னு எனக்குத் தெரிஞ்சாதானே சொல்றதுக்கு?”

“ரொம்ப நல்லது. ம். ஒண்ணா... ரெண்டா?”

“இதை நான்ல உன்னைக் கேக்கணும்?”

கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருஷத்தில் பெடல் வாங்க வந்தவர்கள் எல்லாரும் மண்டையோட்டைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். முதுகைக் காட்டிச் சோதித்தவர் இவர் ஒருவரே. வீட்டுக்காரர் பயந்து பயந்து மிதித்தார். நடுவில் இரண்டைச் சேர்த்து மிதித்து, கடை வாசலில் படுத்திருந்த நாயை எதிர்ச்சாரிக்கு அனுப்பிவைத்தார். அக்கா அசரவில்லை.

“ரெண்டு” என்றார் கடைசியில். “சந்தேகமே இல்ல.”

திரும்பிப் பார்த்தால் மண்டையோடு பல்லைக் காட்டியது. படத்தைப் பார்த்து ஏமாறாமல், காதால் மட்டுமே தேர்ந்தெடுத்தோம் என்ற நிமிர்வோடு அக்கா வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரர் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்து, “மூணடுக்கு அட்டை, ஒட்டு நல்லா இருக்கு, தப்பான கம்பெனி இல்ல” என்று தம் பங்குக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

அந்த வாரம்தான் மில் ஓட ஆரம்பித்தது. கெயின் என்று ஒரு திருகு உண்டு. கறகறப்பின் அளவு அது. அதை முழுக்கத் திருகி, அக்கா ஒரு தட்டுத் தட்டினால் அலமாரிக் கதவு தானாகத் திறந்தது. என்ன சுகம்! கட்டில் நடுங்குகிறது, காது நிறைகிறது, கொசு என்று சொன்ன வாய்க்கு இந்த ஞாயிறு பதில். நேர் கீழ்வீட்டு அக்கா ஒரு போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் புகாரைக் கேட்டவருக்கு இப்போதுதான் சொந்தமாக ஒன்று கிடைத்திருந்தது. அவர் அதைக் கண், மூக்கு, காது வைத்து வளர்த்து, ஊருக்கு விட்டார்.

ஞாயிறு வந்தது. ‘ஒலி எழுப்பாதீர்’ பலகைக்கு அடியில் அக்கா பெடலை வைத்தார். தம்பி குச்சியைத் தட்டினான். நாலு பேரும் இறங்கினார்கள்.

அக்கா காணாமல் போனார்.

கை கம்பியில் இருக்கிறது, கால் பெட்டியில் இருக்கிறது, ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரிகிறது. சத்தம்தான் இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது. அடிச் சத்தத்தை பேஸ் கிதார் அள்ளிக்கொண்டு போனது, உச்சச் சத்தத்தைத் தாளத்தட்டு அள்ளிக்கொண்டு போனது, மிச்சம் நடுவில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். அக்கா ஆம்ப்ளிஃபயரை இன்னும் ஏற்றினார். மழை புயலானது. கூடவே ‘கீ’ என்று ஒரு விசில்.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் நிஜமாகவே கேட்டார்: “நீ ஆரம்பிச்சியாம்மா?”

“மாஸ்டர், விளையாடாதீங்க.”

“சத்தியமா கேக்கறேன். கொசுவாவது பறந்துச்சு. இப்போ அதையும் காணோம்.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மருந்துக்கடைக்காரர் வழக்கத்தை மீறி, “கேக்கல” என்று ஒரு சொல் செலவழித்தார். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். அடுத்த மாதம் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி. பேண்டுக்கு முதல் மேடை. லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் கிதார் வாசிக்கிறார், ரொம்ப நாளாக பேண்டில் இடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“அடுத்த ஞாயிறு அவரும் வரட்டும். ரெண்டு பேரும் ஒரே பாட்டை வாசிங்க. நான் வெளில காரெல்லாம் நிக்குதே, அங்க நின்னு கேப்பேன். யாரு வாசிக்கறது கேக்குதோ அவங்கதான் மேடைல. தப்பா எடுத்துக்காதே.”

“எடுத்துக்கல” என்றார் அக்கா. தம்பி பைக்கில் கொண்டுவந்து விடும்போது வழி நெடுக அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை என்பதால், நன்றாகவே எடுத்துக்கொண்டார் என்று தெரிகிறது. இந்த பேண்டு போனால் வேறு பேண்டு இல்லை. நாற்பது தாண்டிய பெண்மணியை மெட்டல் வாசிக்க யார் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடப் போகிறார்கள்? அந்த மேடை போனால் கிதார் மறுபடி தூசி தட்டுகிற பொருளாகிவிடும். அக்காவுக்கு அது தெரியும்.

மறுநாள் காலை கடையில் ஒரு பெரியவர். ரிட்டயர்டு சர்வேயர், யாரையும் எளிதில் நம்பாத ஜாதகம்.

“ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா?”

“ரெண்டு. ரெண்டுதான். கறுப்பா, கணீர்னு இருக்கு பாரு.”

“அய்யா, கறுப்பா இருக்கறது இருக்கட்டும். கீழ்வரிசைல என்ன எழுத்து?”

“அது தெரியல.”

“ஒண்ணுல?”

“அதுலயும் தெரியல. ஆனா ரெண்டு கணீர்னு இருக்கே! அதையே போட்டுக் குடு.”

இது அக்காவுக்குத் தினசரிச் சண்டை. மைனஸ் பவரைத் தேவைக்கு மேல் ஏற்றினால் எழுத்து சிறுத்து, கறுத்து, பளிச்சென்று நிற்கும். பார்க்கிறவருக்குப் புதுக் கண் கிடைத்த மாதிரி இருக்கும். படிக்க முடிகிற எழுத்து மட்டும் ஒன்றுகூட அதிகமாகாது. சாயங்காலம் தலைவலிதான் மிச்சம். அக்கா வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னார்: “அய்யா, கணீர்னு இருக்கறது வேற, தெரியறது வேற. கூடக் கூடப் போட்டா நல்லா இருக்கற மாதிரி...”

சொல்லிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

“மாதிரி?” என்றார் சர்வேயர்.

“ஒண்ணுமில்ல. தாடையை வைங்க.”

இசைக்கருவிக் கடையில் நடந்தது இப்போது முழுசாகக் கண்முன் வந்தது. முதுகைக் காட்டி நின்றதெல்லாம் சரி. மூன்று பெட்டியின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரவில்லை. கறுப்பு சும்மாவே சத்தம் கூட. சத்தம் கூடினால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். அதிலும் பக்கத்தில் டிரம்ஸ் இல்லாமல், பேஸ் இல்லாமல், வெறும் கடையில், தனியாக. ஆயிரம் பேரைத் திட்டிய தவறை, திட்டுகிற அதே முறையில், அதே கேள்வியைக் கேட்டு, அதே நிமிர்வோடு செய்திருக்கிறார். வேறு யாராவது இப்படிச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பார்த்தால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அக்காவுக்கு அழுதுகொண்டு உட்கார்கிற பழக்கம் இல்லை. மத்தியானமே இசைக்கருவிக் கடையில் நின்றார். கறுப்பைக் கொடுத்து, மற்ற இரண்டையும் இரண்டு நாளைக்கு வீட்டுக்குக் கேட்டார்.

“வாங்கறவங்க வீட்டுக்கெல்லாம் கொண்டுபோக மாட்டாங்களே, மேடம்.”

“உங்க கண்ணுக்குப் பவர் மாறியிருக்கு. போன தடவை சிட்டையை எவ்வளவு தூரத்துல வச்சுப் படிச்சீங்கன்னு பார்த்தேன். நாளைக்கு வாங்க, வெயிட் பண்ண வேண்டாம்.”

கடைக்காரர் இரண்டையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

கடை விடுமுறை நாள் பிற்பகல் சோதனை. கண் சோதனையில் அட்டை தூரத்தில் இருக்கும். முக்கியமானது கறுப்பு அல்ல, இன்ன எழுத்து என்று சொல்ல முடிகிறதா என்பது. அதே ஏற்பாடுதான். டிரம்ஸும் பேஸும் கலந்த ஒத்திகைப் பதிவை டி.வி.யில் அலற விட்டார். இரண்டு பெடல்களையும் ஒரே சத்த அளவுக்கு, போனில் அளந்து, திருகி வைத்தார். மூன்று மெட்டுத் துண்டுகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு. எது வாசிக்கப்படுகிறது என்று கீழ்வீட்டிலிருந்து சொல்ல வேண்டும். அந்த வேலை வீட்டுக்காரருக்கு.

கீழ்வீட்டுக் கதவைத் தட்டி அவர் விஷயத்தைச் சொன்னபோது, புகார்ப் பிரிவு அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்போ மில் இல்லையா?”

“இல்லக்கா. கிதார்.”

“கிதாரா! அதை ஏன் இப்படி அறுக்கறா?”

மேலே ஆரம்பித்தது. வீட்டுக்காரர் போனில், “கேக்குதும்மா” என்றார்.

“என்ன கேக்குது? ஒண்ணா, ரெண்டா, மூணா?”

“கேக்குது... ஆனா என்னன்னு தெரியல.”

கீழ்வீட்டு அக்கா போனைப் பிடுங்கினார். “ஏம்மா, இவரை விட்டியே, இவருக்கு எங்க தெரியும்? இது டகடக் டகடக்னு வரும், அப்புறம் இழுப்பே, அதுதானே? தினமும் அஞ்சு மணிக்கு அதுதான். எனக்கு மனப்பாடம்.”

மேலே கண்ணாடி அக்கா திகைத்துப் போனார். பேண்டில் யாருக்கும் இவ்வளவு தெரியாது. அந்த நிமிஷமே வீட்டுக்காரருக்கு வேலை போயிற்று. தேர்வாளர் பதவி புகார்ப் பிரிவுக்குப் போனது.

ஆரஞ்சுப் பெட்டியில் அவர் மாற்றி மாற்றித் தப்புச் சொன்னார். சாம்பலில் இரண்டுக்கு ஒன்று சரி. அந்தச் சாம்பல் பெட்டியில்தான் ‘மிட்’ என்று ஒரு திருகு இருந்தது: அடிச் சத்தமும் இல்லை, கிறீச்சும் இல்லை, நடுச் சத்தம். தனியாக வாசிக்கும்போது அதைக் கூட்டினால் மூக்கடைத்தவர் பேசுகிற மாதிரி இருக்கும். ஆகையால் மெட்டல்காரர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் குறைப்பார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மிட்டைக் கூட்டினார். அதைவிடப் பெரிய வேதனை, கெயினைப் பாதியாகக் குறைத்தார். தங்கச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது.

“ரெண்டு!” என்று கீழிருந்து குரல். “இப்போ மூணு. இப்போ ஒண்ணு. அய்யோ, ஒண்ணுல நடுவுல தப்பாப் போயிட்ட, பாரு!”

அக்கா சிரித்துவிட்டார். சாம்பல்தான். ஃப்ரேம் கணக்கில் பார்த்தால் கண்ணாடி உறைக்கும் துடைக்கிற துணிக்கும் சேர்த்துக் காசு மிச்சம். வீட்டுக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “இதுக்கு அட்டைப்பெட்டியே கிடையாதே!”

ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் மெக்கானிக் வந்திருந்தார். ஒல்லியான, அடக்கமான மனிதர். எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். அவருடைய பெடல் வெளிநாட்டுச் சரக்கு, நாலு ஃப்ரேம் விலை தாளும். விரல் என்றால் அதுதான் விரல். அக்கா தம் விரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு அவருடைய பெடலைக் குனிந்து பார்த்தார். கெயின் முழுக்க. மிட் சுழியத்தில்.

வாய் வரைக்கும் வந்தது. நாள் முழுக்க அடுத்தவர் பவரைத் திருத்துகிற வாய் அது, சும்மா இருக்கத் தெரியாது. அன்றைக்கு மட்டும் இருந்தது.

அவர் வாசித்தார். மாஸ்டர் வெளியே கார்களுக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்து அக்கா. அடாப்டரைச் செருகியதும் அறையின் டியூப்லைட்டோடு சேர்ந்து பெட்டி ‘ஙொய்’ என்று ஆரம்பித்தது. பிளக்கை மாற்றினார். ‘ஙொய்’. பழைய பெட்டி, அதன் வயிற்றில் பேட்டரியும் இல்லை. ஞாயிறு, பக்கத்துக் கடைகள் மூடியிருந்தன.

“இந்தாங்க” என்று லிஃப்ட் மெக்கானிக் தம் பெடலைத் திருப்பி, சதுர பேட்டரியைக் கழற்றி நீட்டினார். “என் வேலை முடிஞ்சுது. நீங்க வாசிங்க.”

“திருப்பித் தந்துடறேன்.”

“மெதுவாக் குடுங்க. அவசரமே இல்ல.”

அக்கா வாசித்தார். இந்தத் தடவை தாம் வாசிப்பது அவருக்கே கேட்டது. சுகம் என்று சொல்ல முடியாது, படுக்கையறையில் இருந்த பிரம்மாண்டம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தட்டும் கூட்டத்தில் கையைத் தூக்கி நிற்கிற மாதிரி தனியாக நின்றது. தம்பி அவரைப் பார்த்துப் பார்த்து அடித்தான். கடைசித் திருப்பத்தில் விரல் ஒரு கட்டை தள்ளிப் போயிற்று.

மாஸ்டர் உள்ளே வந்தார். வேர்வையைத் துடைத்தார். “சார் அருமையா வாசிச்சாரு. தப்பே இல்லை, இருந்தா எனக்குக் கேக்கல. கண்ணாடி, நீ கடைசில கையைத் தப்பா வச்ச.”

“கேட்டுதா?”

“கேட்டுதாவா? வாசல் கேட்டுல நின்ன ஆளு திரும்பிப் பார்த்தான்!”

“அப்போ நான் வாசிச்சது கேட்டுது!” என்று அக்கா கத்தினார். பகல் குரலை அவர் எங்கே வைத்துவிட்டு வந்தார் என்று தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டினார். அவரிடம் அது ஒரு பேச்சு. மாஸ்டர் சிரித்தார். “தப்பை மட்டும் சரி பண்ணிட்டு மேடைக்கு வா.”

லிஃப்ட் மெக்கானிக்தான் முதலில் கை தட்டியவர். “உங்க டோன் நல்லா இருக்குங்க. என்ன பெடல் அது?” என்று கேட்டார். அக்கா நிறத்தைச் சொன்னார், விலையைச் சொன்னார், கடையைச் சொன்னார். மிட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

மண்டபத்து நிகழ்ச்சி முடிந்துவிட்டது. நன்றாகவே நடந்தது, கீழ்வீட்டு அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு மெட்டுக்கும் முன்னால் பக்கத்தில் இருந்தவரிடம் நம்பர் சொன்னார். புது பேட்டரி ஒன்று வாங்கி அக்காவின் கைப்பையில், லென்ஸ் துடைக்கிற துணிக்குள் சுற்றி இருக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்கை அவர் கடைத்தெருவில் பார்க்காமல் இல்லை. பார்க்கும்போதெல்லாம் கை பைக்குள் போகிறது. பேட்டரியை மட்டும் கொடுப்பதா, கூட ‘மிட்’ என்ற அந்த ஒரு வார்த்தையையும் சேர்த்துக் கொடுப்பதா என்று யோசிப்பதற்குள் அவர் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எந்த பேண்டும் அவரை இன்னும் எடுக்கவில்லையாம்.

“அவசரமே இல்லன்னு அவரே சொன்னாருல்ல?” என்கிறார் அக்கா, யாரும் கேட்காமலே.